அறிமுகத்துக்காக ஊதிய விசில்

உங்கள் கழுத்தில் புதுக் கயிறு தொங்குகிறது. அதன் நுனியில் ஒரு விசில். ஓடிக் காட்டி, எழுதிக் காட்டி, ஆட்ட விதிகளை ஒப்பித்து வாங்கியிருக்கிறீர்கள். நல்லது. தவறுக்குக் குட்டையாக ஊது, பெனால்டிக்கு அழுத்தி ஊது, ஆட்டம் முடிந்தால் இழுத்து ஊது என்று சொல்லித் தந்திருப்பார்கள். யாருக்காக ஊதக்கூடாது என்று ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடங்காத கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். வார நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் தட்டச்சர். சனி, ஞாயிறுகளில் கால்பந்து நடுவர். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் கோல் கம்பம் நட்ட மண்ணில் எல்லாம் ஓடியிருக்கிறேன். போன வருடம் முட்டி மறுத்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிய முட்டியோடு வாதாட முடியாது. கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்.

எத்தனையோ ஆயிரம் முறை ஊதியிருப்பேன். ஒரே ஒரு ஊதலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நாக்-அவுட் கோப்பை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். லீக் ஆட்டத்தில் தோற்றவனுக்கு அடுத்த ஞாயிறு இருக்கிறது. நாக்-அவுட்டில் தோற்றவனுக்கு பஸ் ஸ்டாண்ட்தான். அவன் ஒரு வருடம் சேர்த்து வைத்த மூச்சு எழுபது நிமிடத்தில் தீர்ந்துபோகும். அந்த எழுபது நிமிடத்தில் நம் ஒரு ஊதல் தப்பினால், அதைச் சரிசெய்ய இன்னொரு நாள் அவனிடம் கிடையாது. வாயில் விசிலை வைக்கும்போது இந்தப் பாரமும் சேர்ந்து உதட்டில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் நாம் நடுவர் இல்லை, ஊதல் விற்கிறவர்.

ராஜபாளையத்தில் ஒரு பள்ளி மைதானம். சில வருடங்களுக்கு முன், ஆனி மாதம். மலையிலிருந்து இறங்கும் காற்று மைதானத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தது. உயரத் தூக்கி அடித்த பந்தெல்லாம் அடித்தவனையே ஏமாற்றிவிட்டு வேறு ஊருக்குப் போனது. அரையிறுதி. ஒரு பக்கம் போட்டியை நடத்தும் கிளப்பின் சொந்த அணி. மறுபக்கம் மம்சாபுரம்.

மம்சாபுரத்து ஆட்கள் ஒரு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வாழைத்தார் சுமக்கிறவர், சைக்கிள் கடைக்காரர், கொத்தனார் கையாள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய மேனேஜர் மாரியப்பன் டீக்கடை வைத்திருப்பவர். கடையைப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். கேப்டன் ஜெபராஜ். ஒன்பதாம் எண் சட்டை. வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. வயது முப்பத்தைந்து இருக்கும். டாஸ் போட வந்தபோது அவர் முழங்கையில் யார் வீட்டுச் சுவரின் பச்சையோ ஒட்டியிருந்தது.

"சார், இந்தத் தடவை பைனலு பாத்திரணும் சார்" என்றார். "வீட்டுல கேக்கா. எம்புட்டு வருசந்தான் செமியிலேயே குடித்தனம் பண்ணுவீயன்னு."

எதிரணி கேப்டனும் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் நாணயத்தைச் சுண்டினேன். மம்சாபுரம் அதுவரை எந்த வருடமும் இறுதி ஆட்டத்துக்குப் போனதில்லை என்பது அந்த மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டம் எப்படி நடந்தது என்று விவரிக்கப்போவதில்லை. ஓட்டத்தையும் உதையையும் நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆறு நிமிடம் பாக்கி. அங்கிருந்து சொல்கிறேன்.

நம் பக்கத்துப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. சிறப்பு விருந்தினர் வருவார். வீரர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர் ஒவ்வொருவர் கையாகக் குலுக்குவார். போட்டோ எடுப்பார்கள். இதற்கு 'அறிமுகம்' என்று பெயர். ஆட்டம் தொடங்கும் முன்பு நடந்தால் யாருக்கும் குறையில்லை. விருந்தினர் தாமதமாக வந்தால் இடைவேளையில் நடக்கும். அதற்கும் பிந்திவிட்டால்? ஓடுகிற ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் குலுக்குவோம். ஆமாம், நிறுத்திவிட்டு. மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு பேரை நிற்கவைத்து, வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொள்ளச் சொல்லி, கையை நீட்டச் சொல்வோம். யார் எழுதிய விதி இது? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? எதிலும் இல்லை. நம் முதுகெலும்பில் இருக்கிறது. வளைந்து வளைந்து அதற்குப் பழகிப்போன இடத்தில் இருக்கிறது.

முதலில் மைக் சொன்னது: "நமது சிறப்பு விருந்தினர் அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்." நான் கண்டுகொள்ளவில்லை.

ஒரு நிமிடம் கழித்து: "நமது சிறப்பு விருந்தினர் அவர்கள் மைதானத்தின் வாசலுக்கு வருகை தந்துவிட்டார்." கைதட்டல். பந்து வெளியே போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதுதான் சரி. பந்து கோட்டைத் தாண்டட்டும், பிறகு எந்தக் கூத்தையும் நடத்திக்கொள்ளட்டும். இதுவரை நான் சரியாகத்தான் இருந்தேன். ஆனால் அன்றைக்கென்று பந்து வெளியே போகவே மாட்டேன் என்றது.

மூன்றாவது முறை: "நடுவர் அவர்களே! வீரர்கள் அறிமுகத்துக்காக ஆட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி ஒத்துழைக்குமாறு விழாக் குழுவின் சார்பாகக் கேட்டுக்கொள்கிறோம்." அதோடு விடவில்லை. கிளப்பின் செயலாளர் மடித்த சால்வையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே நான்கடி வந்துவிட்டார்.

"ஏம்ப்பா! அவிய வெயில்ல நிக்காவப்பா! ஊதுப்பா!"

நான் அவரைப் பார்த்தேன்.

தம்பிகளே, தங்கைகளே, என் தவறு ஊதியதில் தொடங்கவில்லை. பார்த்ததில் தொடங்கியது. பந்தைப் பார்க்க வேண்டிய கண் சால்வையைப் பார்த்தது. நான் முடிவெடுத்த கணத்தில் பந்து நடுக்களத்தில், மம்சாபுரத்து ஆள் ஒருவரின் காலில், யாருக்கும் ஆபத்தில்லாமல் கிடந்தது. சரி, ஊதிவிடலாம். மூச்சை இழுத்தேன். முடிவுக்கும் மூச்சுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு ஆட்டமே நடந்து முடிந்துவிடும். நடந்தது. பந்து தரையோடு தரையாக முன்னே சீறியது. ஜெபராஜ் பாய்ந்தார். எதிரணியின் ஐந்தாம் எண் தடுப்பாட்டக்காரர் திரும்புகையில் தானாகவே வழுக்கி உட்கார்ந்தார். கோலி முன்னே ஓடி வந்தார். பெனால்டி எல்லைக்குள் நுழைந்ததும் ஜெபராஜ் எதிர்காற்றுக்குக் கீழே, புல்லைத் தடவினாற்போல ஒரு அடி அடித்தார். பந்து காலை விட்டுக் கிளம்பிவிட்டது. கோலியைத் தாண்டிவிட்டது.

அப்போது என் விசில் கேட்டது. எனக்கே அது வேறு யாரோ ஊதியது மாதிரிதான் கேட்டது.

அதன் பிறகு பந்து வலைக்குள் போனது.

விதி உங்களுக்குத் தெரியும். விசில் ஊதிய நொடியில் ஆட்டம் நின்றது. நின்ற ஆட்டத்தில் கோல் கிடையாது. பந்து கோட்டைத் தாண்ட இரண்டு முழம் இருந்ததா, இரண்டு விரற்கடை இருந்ததா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. கோல் என்று காட்டக் கொடியைத் தாழ்த்திப் பிடித்தபடி நடுக்கோட்டை நோக்கி ஓடத் தொடங்கியிருந்த லைன்ஸ்மேன் பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு மதில்மேல் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர், சொந்த அணி தப்பித்ததைக்கூட மறந்துவிட்டு, "ஏமிரா ரெஃபரி!" என்று தெலுங்கில் கத்தினார். அந்த ஒரு குரலில் இருந்த நியாயம் அன்று என்னிடம் இல்லை.

ஜெபராஜ் ஓடி வரவில்லை. நடந்து வந்தார்.

"எதுக்கு சார் ஊதுனீய? கொடிகூடத் தூக்கலையே."

"அறிமுகம்" என்றேன்.

"யாருக்கு?"

"சிறப்பு விருந்தினருக்கு."

அவர் கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். கோபத்துக்கு மஞ்சள் அட்டை இருக்கிறது. அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "நாங்க எங்க சார் போயிரப் போறோம்? ஆறு நிமிசம் கழிச்சும் இங்கனதான நிப்போம்?"

வரிசையாக நின்றார்கள். மம்சாபுரத்துக்காரர்களில் இரண்டு பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மாரியப்பன் வெளியிலிருந்து அதட்டியபின் நீட்டினார்கள். விருந்தினரைச் செயலாளர் அழைத்து வந்தார். நீங்கள் நினைப்பது போல அவர் ஆடம்பரமான ஆள் கிடையாது. கான்சாபுரத்துக்காரர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று விவசாயம் பார்ப்பவர். பட்டாளத்து அணிக்குக் கால்பந்து ஆடியவர் என்று மைக் அறிமுகப்படுத்தியது. கழுத்தில் சால்வை விழுந்தபோது கூச்சத்தில் நெளிந்தார். ஒன்பதாம் எண்ணிடம் வந்ததும் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நல்ல அடிய்யா. காத்துக்குக் கீழ கொண்டு போன பாரு, அதான் அடி."

பிறகு என்னிடம் திரும்பினார். "நான் வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். என்னத்துக்கு நிப்பாட்டுனீங்க? நான் வந்தது ஆட்டம் பாக்கத்தானய்யா?"

பக்கத்தில் நின்ற செயலாளர் பல்லைக் காட்டினார். இதைத்தான் நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். எந்தப் பெரிய மனிதரும் எங்களை மிரட்டவில்லை. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. வெயிலில் நிற்பதாகக் குறைபட்டுக்கொள்ளவில்லை. கேட்காத மனிதருக்கு, கேட்காத கும்பிடு. அந்தக் கும்பிட்டின் கீழே நசுங்கியது ஜெபராஜின் கோல். மிரட்டலுக்குப் பணிந்தவனாவது பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் என்ன சொல்லிக்கொள்வது?

இன்னும் கேளுங்கள். ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். இப்படி நின்ற ஆட்டத்தை நடுவர் பந்தைக் கீழே போட்டுத் தொடங்குவார். பந்து பெனால்டி எல்லைக்குள் இருந்தபோது நின்றதால், விதிப்படி அது தடுக்கும் அணியின் கோலிக்கு. அதாவது வலைக்குள் கிடந்த பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, அதைத் தடுக்க முடியாமல் போன கோலியின் காலடியிலேயே போட்டேன். எல்லாம் விதிப்படி. ஒரு எழுத்து பிசகவில்லை. விதிப்படி இவ்வளவு அசிங்கமான காரியத்தை ஒரு மனிதன் செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆறு நிமிடமும் ஓடியது. கோல் இல்லை. டை-பிரேக்கர், ஆளுக்கு ஐந்து உதை. மம்சாபுரத்தின் முதல் உதைக்கு ஜெபராஜ் வந்தார். பந்தை வைத்தார். கோலியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இதாவது சேருமா சார்?"

"சேரும்" என்றேன்.

உதைத்தார். சேர்ந்தது. மற்றவர்களில் ஒருவர் கம்பத்தில் அடித்தார், இன்னொருவர் வானத்தில் அடித்தார். மம்சாபுரம் தோற்றது.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு முட்டாள் நடுவரின் கதை. எல்லா நடுவரிடமும் அப்படி ஒன்று இருக்கும். வெயில் இறங்குவதற்குள் நான் அதைவிடக் கீழே இறங்கினேன்.

பள்ளியின் விளையாட்டு அறை. மேசை, நான்கு நாற்காலி, மூலையில் காற்றுப்போன பந்துகள். மாரியப்பன் கோடு போட்ட தாளில் புகார் எழுதிக் கொண்டுவந்து வைத்தார். போட்டியின் விதித் தாளில் ஒரு வரி உண்டு: ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் முடிவு பாதிக்கப்பட்டால், நடுவரின் அறிக்கையைப் பார்த்து விழாக் குழு மறு ஆட்டம் வைக்கலாம். மாரியப்பன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். டீ ஆற்றுகிறவர், சரியான வரியைப் பிடித்திருந்தார்.

"வெளிய இருங்க, செத்த நேரத்துல கூப்பிடுதோம்" என்று செயலாளர் அவரை அனுப்பினார்.

அறையில் மூன்று பேர். செயலாளர், நான், அண்ணாச்சி. அண்ணாச்சி யார் என்று சொல்ல வேண்டும்; பெயர் சொல்லமாட்டேன். எனக்கு நடுவர் வேலையைக் கற்றுத் தந்தவர். களத்தில் எங்கே நின்றால் எல்லாம் தெரியும், கத்துகிறவனிடம் எப்படிக் கத்தாமல் பேசுவது, தவறைப் பார்த்தபின் எத்தனை கணம் பொறுப்பது என எல்லாம் அவரிடம் படித்தது. அந்தப் போட்டிக்கு அவர்தான் மேற்பார்வையாளர்.

"நாளைக்குப் பைனலு. நோட்டீஸ் ஒட்டியாச்சு, பந்தலுக்குச் சொல்லியாச்சு" என்றார் செயலாளர். "அறிமுகத்துக்கு நிப்பாட்டுனேன்னு எழுதிக் குடுத்துட்டா இவனுவ விடமாட்டானுவ. ஊருக்குள்ள எங்க மானம் போயிரும்."

அண்ணாச்சி என் தோளில் கை வைத்தார். "ஏலே, ஃபவுல்னு ஒத்த வார்த்தை. ஃபவுலுக்கு ஊதுனேன்னு எழுது. ஜோலி முடிஞ்சது."

"யாரு பண்ணுனதா எழுத அண்ணாச்சி?"

"ஒம்பது மேல போடு. முன்னால ஓடுனவன் அவன்தான?"

"அவன் யாரையும் தொடவே இல்லையே."

"அவன் தொடலைன்னு எந்த வீடியோவுல இருக்கு?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஆட்டத்தைப் போனில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். விருந்தினர் வந்த நேரத்தில் கேமராவை வாசல் பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்த அரை நிமிடம் முழுக்க ஒரு கார்க் கதவு திறப்பதும், ஒரு மனிதர் வேட்டியைச் சரிசெய்தபடி நிற்பதும்தான் இருந்தது. அந்தக் கோலைப் பார்த்த இயந்திரம் உலகத்தில் இல்லை. இனி என் தாளில் எழுதுவதுதான் நடந்தது.

நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறவனுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாளில் ஏறிய சொல்லுக்கு எவ்வளவு கனம், அதை இறக்க எத்தனை வருடம் ஆகும் என்று தினமும் பார்க்கிறவன் நான். தெரிந்தும் எழுதினேன். 'ஒன்பதாம் எண் ஆட்டக்காரர், ஐந்தாம் எண் ஆட்டக்காரரைக் காலால் தட்டியதால் ஆட்டம் நிறுத்தப்பட்டது.' கையெழுத்தும் போட்டேன். கை நடுங்கவில்லை. நடுங்கியதாகச் சொன்னால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். அதற்காகப் பொய் சொல்லமாட்டேன்.

கற்றுக்கொடுத்தவர் சொன்னார், செய்தேன் என்று சொல்லலாமா? சொல்லாதீர்கள். யார் உங்களுக்கு எல்லாம் கற்றுத் தந்தாரோ, அவரே ஒருநாள் இதையும் கற்றுத்தர வருவார். அதே அன்போடு, தோளில் அதே கையோடு வருவார். அன்றைக்கு அந்தக் கையை எடுக்கத் தெரிய வேண்டும்.

மம்சாபுரத்துக்காரர்களை உள்ளே கூப்பிட்டார்கள். மாரியப்பனும் ஜெபராஜும் வந்தார்கள். மற்றவர்கள் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். செயலாளர் அறிக்கையை உரக்க வாசித்தார்.

மாரியப்பன் பாய்ந்தார். "என்னய்யா கதை எழுதுதிய? மைக்குல ஊருக்கே கேக்குற மாரி சொன்னது என்னது?"

"மைக்குல சொன்னது ஒரு பக்கம். ரெஃபரி ஊதுனது ஃபவுலுக்கு. தற்செயலா ஒண்ணா வந்துட்டு" என்றார் செயலாளர்.

ஜெபராஜ் மாரியப்பனின் கையைப் பிடித்து நிறுத்தினார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான் தட்டுனனா சார்?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"இத்தன வருசம் ஆடியிருக்கேன். ஒருத்தனத் தட்டிட்டா கைகுடுத்துத் தூக்கிவிடாம வந்ததில்ல. இன்னைக்குத் தட்டிட்டு, தெரியாமலே வந்துட்டேன்போல." குரலில் குத்தல் இல்லை. அதுதான் குத்தியது. "இருங்க, கேட்டுட்டு வாரேன்."

வெளியே போனார். வராந்தாவில் எதிரணி ஆட்டக்காரர்கள் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் எண்காரர், கல்லூரியில் படிக்கிற பையன், மறுநாள் இறுதி ஆட்டம் ஆடப்போகிற சந்தோஷத்தில் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஜெபராஜ் அவர் முன்னால் போய் நின்றார். நாங்கள் எல்லோரும் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தம்பி, மன்னிச்சிருப்பா. உன்னையத் தட்டிட்டேனாம். கவனிக்கல. அடி கிடி பட்டுருச்சா?"

அந்தப் பையன் குழம்பினார். "என்னைய எங்கண்ணே தட்டுனீங்க? நானாத்தான் வழுக்கி விழுந்தேன்."

"எல, சும்மா இரி!" என்று செயலாளர் அறையிலிருந்து கத்தினார்.

பையன் செயலாளரைப் பார்த்தார். அறிக்கைத் தாளைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்தபிறகுதான் எழுந்து நின்று, முதலில் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னார்:

"இல்ல சார். அண்ணன் என்னையத் தொடவே இல்ல. எங்க கோலிகிட்ட வேணா கேளுங்க. அது சுத்தமான பந்து."

இறுதி ஆட்டத்தில் அவருக்கு இடம் இருந்தது. உண்மை ஜெயித்தால் அந்த இடம் போகலாம். அவருடைய கிளப்பே அவரை ஒதுக்கலாம். இத்தனையும் தெரிந்து ஒரு இருபது வயதுப் பையன் வராந்தாவில் நின்று சொன்னதை, அத்தனை வருடம் விசில் ஊதிய நான் நாற்காலியில் உட்கார்ந்தும் எழுதவில்லை. எனக்கு வந்த வெட்கம் உடம்பெல்லாம் ஏறியது. வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. மைக்கின்மேல், சால்வையின்மேல், தோளில் இருந்த கையின்மேல், எல்லாவற்றுக்கும் ஆமாம் சாமி போட்ட என் மேல்.

தாளை எடுத்துக் கிழித்தேன்.

"ஏலே, என்ன பண்ணுத?" என்றார் அண்ணாச்சி.

"வேற தாள் குடுங்க."

"உனக்கு இனி இந்தப் பக்கத்துல மேட்ச் கெடைக்காது, தெரிஞ்சுக்கோ."

"சரி அண்ணாச்சி."

அவர் எழுந்து போய்விட்டார். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. அவர் சொன்னதில் பாதி பலித்தது. அந்த மைதானத்திலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. அதற்காக என்னைத் தியாகி ஆக்கிவிடாதீர்கள். ஒருமுறை பொய் எழுதிவிட்டு, பிடிபட்டபின் உண்மை எழுதியவன் நான். இந்த வரிசையை மாற்றிச் சொல்லாதீர்கள்.

நின்றபடியே எழுதினேன். 'வீரர்கள் அறிமுகத்துக்காக விழாக் குழு கேட்டுக்கொண்டதன்பேரில், பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே நான் விசில் ஊதினேன். அதற்கு முன்பே ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் பந்தை உதைத்திருந்தார். விசிலுக்குப் பின் பந்து வலைக்குள் சென்றது. களத்தில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு என்னுடையது.'

செயலாளர் வாங்கிப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு தாளை மேசையில் போட்டார்.

"சரி, இருக்கட்டும். விதியில 'மறு ஆட்டம் வைக்கலாம்'னுதான இருக்கு? 'வைக்கணும்'னு இல்லையே. குழு வைக்கல. நாளைக்குப் பைனலு நடக்கும்."

அவ்வளவுதான். ஒரு 'லாம்'. அந்த ஓட்டை வழியாக எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். மறுநாள் இறுதி ஆட்டம் நடந்தது, மம்சாபுரம் ஆடவில்லை. ஐந்தாம் எண்காரரை உட்காரவைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். உண்மையை எழுதினால் நியாயம் தானாக நடந்துவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடக்காது. நடக்காவிட்டாலும் எழுத வேண்டும். அதைவிட முக்கியம், எழுத வேண்டிய நிலை வராமல் களத்திலேயே காதைப் பொத்திக்கொண்டு பந்தைப் பார்க்க வேண்டும். மேடை காத்திருக்கும். சால்வை காத்திருக்கும். காத்திருக்கவே முடியாத ஒரே பொருள் அந்தப் பந்துதான்.

மாரியப்பன் செயலாளரோடு சண்டை போட்டுக்கொண்டே வெளியே போனார். அறையில் ஜெபராஜும் நானும். அவர் மேசையிலிருந்த தாளை எடுத்து, விரலை வரிவரியாக நகர்த்தி மெதுவாகப் படித்தார். போனில் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கேமராவைத் தாளுக்கு நேரே பிடித்தவர், எடுக்காமல் தாழ்த்தினார்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கீய சார். ஒரு வார்த்தை மட்டும் விட்டுப்போச்சு."

"எது?"

"வலைக்குள்ள போச்சுன்னு போட்டிருக்கு. கோலுன்னு இல்லையே." பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். "ஒரு ஓரத்துலயாவது எழுதிருங்க சார். மறு ஆட்டம் வேண்டாம். ஜெயிச்சதாவும் வேண்டாம். வீட்டுல காட்டுததுக்கு."

பேனாவை வாங்கினேன். தாளின் ஓரத்தில் இடம் இருந்தது. இரண்டெழுத்துச் சொல். அதை எழுதினால் மறுபடியும் பொய். எழுதாவிட்டால் நடந்ததில் பாதிதான் தாளில் இருக்கும்.

"ஊதிட்டனே ஜெபராஜ்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தாளை அப்படியே படம் எடுத்தார். சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு லோடு ஆட்டோவுக்கு நடந்தார்.